பெயர் வைத்த பெட்டிகள்

மதியம் பன்னிரண்டுக்கு மேல் வேலூர்த் தெருக்களில் நடக்கத் தடை வந்து அது நான்காவது கோடை. தடையை அமல்படுத்த போலீஸ் தேவைப்படவில்லை. ஆபீசர்ஸ் லைனிலிருந்து பழைய பேருந்து நிலையம் வரை ஒரு நாய்கூட வெளியே வராது. காற்றில் ஈரமும் வெப்பமும் சேர்ந்து ஓர் அளவைத் தாண்டினால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆள்கூட சில மணி நேரத்தில் இறந்துபோவார் என்பது முதல் கோடையிலேயே ஊருக்குப் புரிந்துவிட்டது.

அதன்பிறகுதான் குளிர்க்கட்டில்கள் வந்தன. ஒரு ஆள் படுக்கும் அளவுக்குக் கட்டில், மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி, கால்மாட்டில் சின்னக் குளிரூட்டி. பகலில் வீட்டு மின்சாரம் முழுக்க நிறுத்தப்படும். கட்டிலுக்கு மட்டும் மெல்லிய நெட்வொர்க் கேபிள் வழியாக மின்சாரம் வரும். ஒவ்வொரு தெருமுனையிலும் ஓர் இரும்பு அலமாரி, அதற்குள் நாற்பத்தெட்டுத் துளைகள் கொண்ட ஒரு தட்டைப் பெட்டி. அதன் பெயர் ஸ்விட்ச். எந்தத் துளைக்கு எவ்வளவு மின்சாரம், எப்போது நிறுத்தம் என்பதையெல்லாம் காட்பாடியில் இருந்த கட்டுப்பாட்டு அறையிலிருந்தே சொல்லிவிடலாம்.

ஓவியா அந்த அறையில் வேலை செய்தாள். முப்பத்திரண்டு வயது. சத்துவாச்சாரியில் தம்பி கதிருடன் வசித்தாள். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் கூரைத் தகடு சரிந்து விழுந்ததில் கதிரின் கழுத்தெலும்பு முறிந்திருந்தது. தோளுக்குக் கீழே உடம்பு அவன் சொல் கேட்பதில்லை. அந்த மாதிரி அடிபட்டவர்களுக்கு வியர்வையும் நின்றுவிடும் என்பதை மருத்துவர் ஒரு கூடுதல் தகவல் போலச் சொன்னார். அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வியர்க்காத உடம்புக்கு வேலூர்க் கோடையில் கட்டிலைத் தவிர வேறு வழியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஊரே நாறுது, நான் மட்டும் மணக்கறேன் பாத்தியா," என்பான் கதிர். "வேர்வையே இல்லாத ஆம்பளை. பொண்ணு வீட்டுல சொல்லு, க்கா."

கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் அஞ்சியது ஒரு கணினி நிரலுக்கு. மின்சாரம் பற்றாத மதியங்களில் மேலிடத்திலிருந்து ஓர் எண் வரும்: இவ்வளவு குறைக்க வேண்டும். உடனே அந்த நிரல் வரிசைப்படி ஒவ்வொரு ஸ்விட்சுக்குள்ளும் நுழைந்து, அந்தத் தெருவின் கட்டில்களை இருபது நிமிடம் அணைத்துவிட்டு அடுத்ததற்குப் போகும். எல்லாத் தெருவுக்கும் முறை வரும் என்பதுதான் ஏற்பாடு. ஊழியர்கள் அதற்குக் கத்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை எழுதிக் கொடுத்த கம்பெனி எப்போதோ மூடப்பட்டுவிட்டது.

ஸ்விட்சுகளும் பழையவை. உள்ளே நுழைந்தால் படமோ பொத்தானோ கிடையாது. கருப்புத் திரையில் ஒரு வரி தோன்றும். பெட்டியின் பெயர், பக்கத்தில் ஒரு ஹாஷ் குறி, பிறகு விட்டுவிட்டு ஒளிரும் கோடு. 'நான் தயார், ஆணையிடு' என்று பொருள். அந்த வரிக்குப் பெயர் ப்ராம்ப்ட். தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லாப் பெட்டிகளிலும் அது ஒன்றுபோலவே இருக்கும்:

ஸ்விட்ச்#

கட்டில்கள் வந்த முதல் கோடையில் ஒரு ஊழியர் அப்படிப்பட்ட ஆறு கருப்பு ஜன்னல்களை ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டு, பழுது பார்ப்பதற்காகக் காகிதப்பட்டறைத் தெருவில் அணைக்க வேண்டியதைத் தொரப்பாடியில் அணைத்துவிட்டார். ஜன்னல்கள் எல்லாம் ஒரே முகம். தவறு தெரிவதற்குள் ஒரு கிழவரும் ஒரு கைக்குழந்தையும் போய்விட்டார்கள். அந்த ஊழியர் மறுநாள் முதல் வேலைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு, யாரும் ஆணையிடாமலே, ஒவ்வொருவரும் தங்கள் பொறுப்பில் இருந்த பெட்டிகளின் ப்ராம்ப்டை மாற்றத் தொடங்கினார்கள். ஒரு ஆணைதான் அடிக்க வேண்டும். முதலில் தெருப் பெயர் மட்டும் வைத்தார்கள். பிறகு ஆளாளுக்கு விளையாட்டு. பாகாயம்-பாத்து-போ# என்று ஒன்று. கஸ்பா-மாமியார்-வீடு# என்று ஒன்று. அந்தப் பெயர்களைப் பார்க்கும்போது விரல் ஒரு கணம் நிற்கும். அந்தக் கணம்தான் பாதுகாப்பு.

நான்காவது கோடையின் நடுவில், ஜாகிர் உசேன் குடியிருக்கும் கொணவட்டம் ஒருமுறைகூட அணையவில்லை என்பதை ஓவியா கவனித்தாள். ஜாகிர் அவள் பக்கத்து மேசைக்காரர். மனைவிக்கு நிறைமாதம்.

"பாய், இன்னிக்கும் உங்க கொணவட்டம் தப்பிச்சுது."

"அல்லா காப்பாத்தறான்."

"எங்க சத்துவாச்சாரில மட்டும் அவருக்கு லீவா?"

ஜாகிர் தேநீர்க் கோப்பையோடு நாற்காலியை அவள் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ப்ராம்ப்ட்ல மணி தெரியட்டும்னு மாத்தினேன். சும்மா அழகுக்கு. மாத்தறப்போ கடைசில இருந்த ஹாஷ் போயிடுச்சு. அவ்ளோதான்."

"போனா இன்னா?"

"கத்திரி படிச்சவன் இல்ல ஓவியா. வரி முடிவுல ஹாஷ் தெரிஞ்சாத்தான் உள்ள வந்துட்டோம்னு அதுக்குத் தெரியும். தெரியலன்னா வாசல்லயே நின்னு கொஞ்ச நேரம் பாக்கும். அப்புறம் 'பதில் இல்லை'ன்னு எழுதிட்டு அடுத்த வூட்டுக்குப் போயிடும்."

"எழுதினத யாரும் பாக்க மாட்டாங்களா?"

"பழைய பெட்டி. பத்துல ரெண்டு பதில் சொல்லாதுதான். யார் பாக்கறா?"

அவள் சற்று யோசித்தாள். "அப்ப உங்களுக்குப் போக வேண்டிய வெட்டு?"

"மேல இருந்து வர்ற நம்பர் குறையாதே. அடுத்தவன் தலையில விழும்." ஜாகிர் கோப்பைக்குள் பார்த்தார். "எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. ராத்திரில தூக்கம் வர்றதில்ல. ஆனா அவ மூச்சு வாங்கிக்கினு படுத்திருக்கறத பாத்தா ஹாஷ திரும்ப வெக்கக் கை வர மாட்டேங்குது."

அந்த வாரம் கதிருக்கு இரண்டு முறை காய்ச்சல் போல உடம்பு சுட்டது. இரண்டாவது முறை அவன் பேச்சு குழறியது. கட்டிலில் பேட்டரியில் ஓடும் ஒரு கருவி செல்பேசி அலையில் அனுப்பும் உடல் வெப்ப அளவு ஓவியாவின் திரையில் ஒரு மூலையில் எப்போதும் திறந்திருக்கும். முறை வந்து அணைந்த இருபது நிமிடமும் அந்த எண் ஏறுவதை அவள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை சத்துவாச்சாரிப் பெட்டிக்குள் நுழைந்தாள். சத்துவாச்சாரி-தம்பி என்று பெயரை மாற்றினாள். ஹாஷ் இருந்த இடத்தில் முக்காற்புள்ளி வைத்தாள். மாற்றி முடித்ததும் பெட்டி புதிய பெயரோடு, எப்போதும்போல, அடுத்த ஆணைக்குக் காத்திருந்தது.

அன்றிலிருந்து அந்தத் தெருவில் கட்டில்கள் அணையவில்லை. எல்லையம்மன் கண் திறந்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட விஷயம் ஒரு அறைக்குள் இரண்டு பேரோடு நிற்காது. யாரும் யாரிடமும் வெளிப்படையாகக் கேட்கவில்லை. ஆனால் கத்திரி ஓடும்போது பெரிய திரையில் வரும் வரிகளில் 'பதில் இல்லை' கூடிக்கொண்டே போனது. பாகாயம் பதில் சொல்லவில்லை. கஸ்பா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லும் சில பெட்டிகளுக்கு முறை மீண்டும் மீண்டும் வந்தது. அவை அணைந்து எழுவதற்குள் மறுபடி அணைந்தன.

மே மாதக் கடைசியில் ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் வெளிமாநிலத் தொழிலாளர் விடுதி ஒன்றில் நான்கு பேர் ஒரே மதியத்தில் இறந்தார்கள். அதிகாரி தேவன்பு மறுநாள் காலையில் ஓவியாவை அழைத்தார். சட்டைப் பையில் எப்போதும் மாத்திரை அட்டை வைத்திருக்கும், சத்தம் போட்டுப் பேசாத மனிதர்.

"நீயே நேர்ல போய்ப் பாத்துட்டு வாம்மா. பெட்டி பழுதா, கேபிள் பழுதான்னு மட்டும் எழுது. வேற எதுவும் எழுத வேணாம்."

வெயில் ஏறுவதற்கு முன் அவள் போய்ச் சேர்ந்தாள். தோல் பதனிடும் ஆலைக்குப் பின்னால் நீளமான தகரக் கட்டடம். மாடிப்படிக்குக் கீழே ஸ்விட்ச் அலமாரி. பூட்டு கிடையாது. மேலே யாரோ ஈரத் துண்டு காயப் போட்டிருந்தார்கள். அவள் தன் மடிக்கணினியைப் பெட்டியில் இணைத்தாள். கருப்புத் திரையில் அந்த வரி வந்தது:

ஸ்விட்ச்#

அதற்குப் பெயர் வைக்க யாரும் வந்திருக்கவில்லை. பொருத்திய ஆள் பொருத்திவிட்டுப் போயிருந்தார். கட்டுப்பாட்டு அறையில் இந்தப் பெட்டி எந்த மேசையின் பொறுப்பிலும் இல்லை. அங்கே வேலை செய்பவர்களில் எவருடைய அம்மாவோ தம்பியோ இந்தக் கேபிளின் மறுமுனையில் படுத்திருக்கவில்லை.

படியில் உட்கார்ந்து ஒரு இளைஞன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுக்ராம் என்று பெயர் சொன்னான். ஜார்க்கண்டிலிருந்து வந்து ஆறு வருடமாம். தமிழ் பேசினான்.

"மேடம், எங்க மேல எதாவது கம்ப்ளைன்ட் இருக்கா?"

"எதுக்குக் கேக்கற?"

"டெய்லி எங்களுக்கு மட்டும் கரண்ட் போவுது. மூணு வாட்டி, நாலு வாட்டி. எதிர்ல ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ்ல போவல. நாங்க ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு சூப்பர்வைசர் சொன்னாரு. என்ன தப்புன்னு சொல்லல. சொன்னா பண்ண மாட்டோம்."

"தப்பு ஒண்ணும் இல்ல."

"அப்புறம்?"

அவள் திரையைப் பார்த்தாள். மடியில் கணினி திறந்திருந்தது. ஒரே ஒரு ஆணை. ஒரு பெயர், ஹாஷுக்குப் பதில் வேறு ஏதாவது. பத்து நொடி ஆகாது. செல்பேசியில் ஜாகிரை அழைத்தாள்.

"பாய், இதுக்கும் மாத்திடவா?"

"மாத்து. அப்ப கத்திரி எங்க போவும்? பதில் சொல்றது இன்னும் ஒரு கை விரல் அளவுக்குத்தான் பாக்கி. அதுங்களும் இந்த மாதிரி எடம்தான். கடைசில வெட்ட எதுவுமே கெடைக்கலன்னா லைன் மொத்தமா வுழும். ஊரே அணையும். உன் தம்பியும் சேத்துத்தான்."

"எல்லாரும் ஹாஷ திரும்ப வெச்சுட்டா?"

"நீ மொதல்ல வெப்பியா? நீ ஒருத்தி மட்டும் வெச்சா இன்னா ஆவும்? எங்க எல்லாருக்கும் போக வேண்டியது உன் தம்பி மேல வுழும். நானும் அதான் யோசிச்சேன். யாரு மொதல்ல?"

அவள் கேபிளைக் கழற்றினாள். பெட்டி அப்படியே இருந்தது. அறிக்கையில், 'சாதனத்தில் பழுதில்லை. எல்லா ஆணைகளுக்கும் சரியாகப் பதிலளித்துள்ளது' என்று எழுதினாள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

தேவன்பு அறிக்கையைப் படித்துத் தலையசைத்தார். அவள் போகாமல் நின்றாள்.

"சார், கத்திரில ஒரு வரி மாத்தினா போதும். கடைசில எந்தக் குறி இருந்தாலும் உள்ள போகும். எல்லாருக்கும் சமமா முறை வரும். ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு ஒரு வாட்டிகூட வராது."

"தெரியும்." மாத்திரை ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "ஆனா அந்த ஒரு வரில யார் கையெழுத்துப் போடுவா? இருபது நிமிஷம் உன் தம்பிக்கு என்ன ஆகும்னு நீயே சொல்லு. பாகாயத்துல என் மாமியாருக்கு இருபது நிமிஷம் என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்." தண்ணீர் குடித்தார். "மேல இருந்து புது உத்தரவு வருதும்மா. பதில் சொல்லாத பெட்டியெல்லாம் பழுதுன்னு வகைப்படுத்தி, தொடக்கூடாதுன்னு. பதில் சொல்றதை மட்டும் வெச்சு முறை போடணுமாம். இனிமே யாரும் பயந்துகிட்டு இருக்க வேணாம்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

அன்று மாலை வெயில் தணிந்து, கட்டிலின் மூடியைத் திறந்து கதிருக்குக் கஞ்சி ஊட்டும்போது அவள் விடுதியைப் பற்றிச் சொன்னாள். சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை. ராணிப்பேட்டை என்ற சொல் வந்ததும் அவனே கேட்டான்.

"தோல் ஆலைக்குப் பின்னாடி தகர ஷெட்டா? அவனுங்க ரூம்ல எத்தனை நாள் சாப்ட்டிருக்கேன், க்கா. உருளைக்கிழங்கைப் பிசைஞ்சு கடுகெண்ணெய் ஊத்துவானுங்க. மூக்குல ஏறும்." கொஞ்ச நேரம் மெல்லாமல் வாயில் வைத்திருந்தான். "நம்ம தெருல ஏன் போறதே இல்ல?"

"அதிர்ஷ்டம்."

"எல்லையம்மன் கதைய என்கிட்ட வுடாத. நீ அங்க வேல பாக்கற. இன்னா பண்ண?"

அவள் சொன்னாள். ஹாஷ் குறி, முக்காற்புள்ளி, வாசலில் நின்று திரும்பிப் போகும் கத்திரி எல்லாவற்றையும்.

"அப்ப நான் படுத்திருக்கறது அவனுங்க கட்டில்ல."

"அப்படி இல்லடா..."

"எப்படி? சொல்லு. எனக்குக் கழுத்துதான் போச்சு, கணக்குப் போகல."

"நீ செத்துடுவ."

"இருபது நிமிஷத்துல சாவ மாட்டேன். முன்ன செத்தனா? பேச்சு கொழறுச்சு, அவ்ளோதான். கொழறாதப்போ மட்டும் நான் இன்னா பெரிய பேச்சாளனா?" அவன் சிரிக்க முயன்றான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டான். "அந்தப் புள்ளிய எடுத்துடு, க்கா. என்னை வரிசைல சேத்துடு. இல்லன்னா நான் நாளைலருந்து மூடிய மூட வுட மாட்டேன். கத்துவேன். நீ வேலைக்குப் போவ முடியாது."

அவன் செய்வான் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் காலை போகும்போது, "எடுத்துடறேன்" என்றாள்.

அலுவலகத்தில் சத்துவாச்சாரிப் பெட்டிக்குள் நுழைந்து அந்த வரியின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஜாகிருக்கு அன்று விடுப்பு. பெண் குழந்தை பிறந்திருந்தது. அவள் மட்டும் ஹாஷைத் திரும்ப வைத்தால் என்ன நடக்கும் என்பதை அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கத்திரி சத்துவாச்சாரியை ஒருமுறை அணைத்துவிட்டு நகரும். அடுத்தது பதில் சொல்லாது. அதற்கடுத்ததும் சொல்லாது. விடுதியையும் இன்னும் சில பெட்டிகளையும் அணைத்துவிட்டுத் திரும்பி வரும். நாளுக்கு மூன்று முறை, நான்கு முறை. அவள் ப்ராம்ப்டில் கை வைக்கவில்லை. ஜன்னலை மூடினாள்.

அன்று மாலை கதிர் கேட்டான்: "இன்னிக்கும் போவலியே?"

"முறை வரல. நாளைக்கு வரும்."

மறுநாள் மதியம் அவள் தன் கையாலேயே அணைத்தாள். தெரு முழுவதையும் அல்ல, அவன் கட்டிலுக்குப் போகும் ஒரே ஒரு துளையை மட்டும். திரையின் மூலையில் எண் மெதுவாக ஏறியது. முப்பத்தேழு. முப்பத்தேழரை. முப்பத்தெட்டைத் தொட்டதும் திரும்பக் கொடுத்தாள். எண் இன்னும் கொஞ்சம் ஏறி, நின்று, இறங்கத் தொடங்கியபோதுதான் அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். கத்திரி தானாக அணைப்பதை மட்டுமே தன் கணக்கில் சேர்க்கும். கையால் அணைப்பது பழுது பார்ப்பதற்கான வசதி. அப்படி மிச்சமான மின்சாரத்தை எந்தத் தெருவும் பெறுவதில்லை.

மறுநாளும் அப்படியே செய்தாள். அதற்கு மறுநாளும். கதிர் மூடியைத் திறக்கச் சொல்லிக் கத்தவில்லை. முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. கண்களுக்குக் கீழே கருமையும் வந்திருந்தது.

ஜூன் தொடக்கத்தில் ஒரு மதியம், அவள் துளையைத் திரும்பத் திறந்த சற்று நேரத்தில் செல்பேசி அடித்தது. குரல் ஆணையில் அவனே அழைப்பான்.

"வந்துடுச்சு, க்கா. கரெக்டா வுட்டுட்டானுங்க."

"உடம்பு எப்படிடா இருக்கு?"

"தந்தூரி மாதிரி. எலுமிச்சம்பழம் மட்டும் பிழிஞ்சா போதும்." நாக்கு லேசாகக் குழறியது. "நீ அழுவறியா?"

"ஏசி காத்து. மூக்கடைப்பு."

"அனுபவி." சிறிது நேரம் அவன் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "க்கா, ஒண்ணு கேக்கவா? நான் கம்முனு கெடந்தேனே, அந்த நேரத்துல அவனுங்களுக்கு ஓடியிருக்கும்ல? அந்த ஷெட்டுல?"

எதிரே பெரிய திரையில் கத்திரி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. புது உத்தரவுக்குப் பிறகு அது எங்கும் நின்று காத்திருப்பதில்லை. 'பழுது, தொடாதே' என்று குறித்த பெட்டிகளை எல்லாம் தாண்டி நேராகப் போனது. ஸ்விட்ச்# என்று ஒரு வரி தோன்றியது. அதற்குப் பக்கத்தில் அணைக்கும் ஆணை. அன்று அந்தப் பெட்டிக்கு அது மூன்றாவது முறை.

"ஓடுச்சுடா," என்றாள் ஓவியா.

"எனக்குத் தெரியும்." அவன் குரலில் மகிழ்ச்சி இருந்தது. விபத்துக்குப் பிறகு அவள் அதைக் கேட்டதேயில்லை. "அப்ப உங்க சார்கிட்ட சொல்லு. நாளைலருந்து எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் கூட்டி வெக்கச் சொல்லு. நான் தாங்குவேன்."